கீமோ ஏறும்போது கைகால் மரத்துப்போனால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கீமோதெரபியால் நரம்பு பாதிக்கப்படுவது பற்றி நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். புற்றுநோய் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

மார்பகக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது வாரம் ஒரு தடவை பேக்ளிடாக்சல் ஏற்றுகிறார்கள். மொத்தம் 12. அதில் 5 முடிந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறது. பீடி சுற்றும்போது இலையின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படவில்லை, நூல் கட்டினால் நழுவுகிறது. டாக்டரிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, முக்கூடல்

ஆறாவது மருந்து ஏறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள் அம்மா. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

மரப்பு என்று சொன்னவுடன் யாரும் சிகிச்சையைக் கைவிட மாட்டார்கள். லேசாக இருந்தால் அதே அளவில் தொடர்ந்தபடி கவனிப்பார்கள். கூடிக்கொண்டே போனால் அளவைக் குறைப்பார்கள், ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். நரம்பைக் காப்பாற்ற இன்றைக்கு இருப்பதிலேயே உறுதியான வழி இதுதான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்தப் பாதிப்பு வராமல் தடுப்பதற்கென்று ஒரு மாத்திரையைக்கூடப் பரிந்துரைக்கவில்லை. அதனால் நீங்கள் சொல்லும் சொல்லை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுக்க முடியும். ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ இது தெரியாது.

இது ஏன் வருகிறது என்றால், நம் செல்களுக்குள் மெல்லிய குழாய்கள் உண்டு. பேக்ளிடாக்சல் அவற்றை அசையவிடாமல் இறுக்கிவிடும். அதனால் புற்றுநோய்ச் செல் பிரிந்து பெருக முடியாமல் சாகிறது. ஆனால் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் நரம்புச் செல்லிலிருந்து கால் விரல் நுனிவரை சத்து போவதும் இதே போன்ற குழாய்கள் வழியாகத்தான். கால்வாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதைப் போல, மிக நீளமான நரம்புகளின் நுனி முதலில் அடிபடும். இதனால்தான் இரண்டு பாதத்திலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி, காலுறையும் கையுறையும் போடும் இடத்தில் மரப்பு தொடங்குகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்பு ஏற்கெனவே நைந்திருக்கும் என்பதால் சீக்கிரம் வரும், கூடுதலாகவும் வரும்.

டாக்டரிடம் ‘மரக்குது’ என்று மட்டும் சொன்னால் போதாது. எது முடியவில்லை என்று சொல்லுங்கள். குறுகுறுப்பு இருந்தும் எல்லா வேலையும் செய்ய முடிந்தால் அது முதல் படி. பீடி நூல் கட்ட, காய் நறுக்க, சில்லறை எண்ண, செல்போன் பொத்தானை அமுக்கச் சிரமம் என்றால் இரண்டாம் படி. சேலைக்கு ஊக்கு குத்த, சோறு பிசைந்து உண்ண, குளிக்க அடுத்தவர் உதவி வேண்டும் என்றால் மூன்றாம் படி. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாம் படி. அந்தப் படியில் மருத்துவர் அளவைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

வீட்டில் வாரம் ஒருமுறை, மருந்து ஏறுவதற்கு முந்தின நாள், கண்ணை மூடிக்கொண்டு 1 ரூபாய், 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்களை விரலால் தடவிப் பிரித்துப் பாருங்கள். ஜாக்கெட் கொக்கி மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். காலண்டர் தாளில் குறித்து, அந்தத் தாளையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, இலை வெட்டும் கத்தரியை இப்போதைக்கு வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மரத்த விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். கீமோ நாட்களில் வெள்ளணுவும் குறைந்திருக்கும், சின்னக் காயமும் சீழ் பிடிக்கும். பகல் வெளிச்சத்தில், விரலைப் பார்த்துக்கொண்டே நூல் கட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை விரித்து மடக்குங்கள். புகையிலைத் தூள் விரல் வெடிப்பில் தங்காதபடி சோப்புப் போட்டுக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவுங்கள். முடிந்தால் சிகிச்சை முடியும்வரை பீடித் தட்டைத் தள்ளி வைப்பதே எங்களுக்குச் சம்மதம்.

என் அம்மாவுக்கும் பேக்ளிடாக்சல்தான் தொடங்கப்போகிறார்கள். மருந்து ஏறும்போது கையில் ஐஸ் வைத்தால் மரப்பு வராது என்கிறார்களே, செய்யலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

செய்து பார்க்கலாம். குளிரில் விரலின் ரத்தக்குழாய் சுருங்கும். அந்த நேரத்தில் விரல் நுனிக்குப் போய்ச் சேரும் மருந்து குறையும். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகளில், குளிரூட்டிய கையில் பாதிப்பு குறைவாகவே இருந்தது. முழுக்கத் தடுக்கும் என்று சொல்ல முடியாது, எல்லா ஆய்வும் ஒரே முடிவைத் தரவும் இல்லை. ஆனால் செலவு குறைவு. முறையாகச் செய்தால் ஆபத்தும் குறைவு. முதலில் மருத்துவரிடமும் டே கேர் நர்சிடமும் அனுமதி கேளுங்கள்.

வாரந்தோறும் ஏற்றும் பேக்ளிடாக்சல் சுமார் 1 மணி நேரம் ஓடும். அதற்கு 15 நிமிடம் முன்பே குளிரூட்டத் தொடங்கி, முடிந்த பின் 15 நிமிடம் வரை வைத்திருக்க வேண்டும். ஆக 90 நிமிடம். இரண்டு கை, இரண்டு பாதத்துக்கும் போதுமான ஜெல் பைகளை முந்தின இரவே ஃப்ரீசரில் போடுங்கள். பாதி நேரத்தில் ஒரு செட் உருகிவிடும். எனவே இரண்டு செட் வேண்டும், தெர்மாகோல் பெட்டியில் அடைத்து எடுத்துப் போங்கள். மெல்லிய பருத்திக் கையுறையும் காலுறையும் போட்டு அதன்மேல் ஜெல் பையைச் சுற்றிக் கட்டுங்கள். வெறும் தோலில் ஐஸ் படவே கூடாது. பை விரல் நுனியை மூட வேண்டும், உள்ளங்கையில் மட்டும் வைத்தால் பயனில்லை. ட்ரிப் ஊசியைப் புறங்கையில் போடாமல் முன்னங்கையில் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டால் வசதி.

வலி தாங்க முடியவில்லை என்றால் சில நிமிடம் எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விரலைப் பாருங்கள். வெளுத்தோ நீலம்பாரித்தோ இருந்தால், கொப்புளம் தெரிந்தால், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். குளிர்ந்தாலே விரல் வெளுக்கிறவர்கள், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், ஏற்கெனவே உணர்ச்சி இழந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது.

குளிர் ஆகாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: அறுவைச் சிகிச்சைக் கையுறையை ஒரு அளவு சிறிதாக வாங்கி, ஒவ்வொரு கையிலும் இரண்டு மாட்டிக்கொள்வது. 7 பொருந்துகிறவருக்கு 6½. மருந்துக்கு அரை மணி முன் போட்டு, முடிந்து அரை மணி கழித்துக் கழற்ற வேண்டும். இறுக்கமும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஜெர்மன் ஆய்வில் இதுவும் பலன் தந்தது. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள்.

இதெல்லாம் பேக்ளிடாக்சலுக்கு. ஆக்சாலிபிளாட்டின் ஏறும் ஒருவர் பக்கத்துப் படுக்கையைப் பார்த்துத் தானும் ஐஸ் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

எங்க வீட்டுக்காரருக்குக் குடலில் கட்டி. ஆபரேஷன் முடிந்து 3 வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் ட்ரிப், கூடவே கேப்சிடபைன் மாத்திரை. முதல் ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார், தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிட்டது என்று துடித்துப்போனார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த ட்ரிப்புக்குப் போகவே பயப்படுகிறார்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பயந்தது நியாயம்தான் அம்மா. ஆனால் மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடவில்லை. இந்த மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே நரம்பு குளிருக்குத் தாறுமாறாகக் கூசும். குளிர்ந்தது எது பட்டாலும் கை சுருக்கென்று குத்தும், தாடை இறுகும், தொண்டையில் அடைப்பது போல் தோன்றும். காற்று போய்வந்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். கழுத்தில் வெதுவெதுப்பான துண்டைச் சுற்றுங்கள். சில நிமிடத்தில் விடும். ஆனால் உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல், நெஞ்சில் இழுப்பு இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அது ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரி. ஆக்சாலிபிளாட்டின் ஒவ்வாமை முதல் ட்ரிப்பில் இல்லாமல் பல ட்ரிப் போன பிறகும் வரும்.

ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பிறகு குறைந்தது ஒரு வாரம் குளிர்ச்சி அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பானைத் தண்ணீர், நுங்கு, ஐஸ் போட்ட பதநீர், காலையில் நீராகாரம், பழைய சோறு எல்லாம் அந்த வாரம் வேண்டாம். பிரிட்ஜைத் திறந்து அவராகப் பால் பாக்கெட்டை எடுக்கக் கூடாது. ராத்திரி வெளியே வைத்துவிட்ட எவர்சில்வர் செம்பு கூட விடியற்காலையில் குத்தும், துணி சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். மொசைக் தரையில் காலுறையோடு நடக்கட்டும். குற்றாலச் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொண்டு வரட்டும். அருவிக் குளியல் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏசி அறையில் ட்ரிப் ஏறும்போது போர்வை கொண்டுபோங்கள். இந்தத் தொந்தரவு அதிகமாக இருந்தால் வழக்கமான 2 மணி நேர ட்ரிப்பை 6 மணி நேரமாக நீட்டி ஏற்ற முடியும், கேட்டுப் பாருங்கள்.

இந்தக் குளிர்க் கூச்சம் சில நாளில் வடிந்துவிடும். உண்மையில் கவலைப்பட வேண்டியது மெல்ல மெல்லச் சேரும் இன்னொரு பாதிப்பு. அடையாளம் இதுதான்: அடுத்த ட்ரிப் நாள் வந்த பிறகும் மரப்பு போகாமல் தங்கியிருப்பது, குளிர் படாமலே மரத்திருப்பது. மொத்த மருந்து உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 780 முதல் 850 மி.கி. அளவை எட்டும்போது இது கூடுகிறது. ஒரு ட்ரிப்புக்கு 130 மி.கி. கணக்கில் 6 ட்ரிப் என்றால் 780. எனவே 4ஆவது ட்ரிப்பிலிருந்தே ஒவ்வொரு முறையும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஆக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திக் கேப்சிடபைனைத் தொடரலாம். நோய் பரவிய அளவைப் பொறுத்துச் சிலருக்கு 6 மாதத்துக்குப் பதில் 3 மாதமே போதும் என்று 2018இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. 3 மாதத்தோடு நிறுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. உங்கள் வீட்டுக்காரர் அந்த வகையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தால் அது கேப்சிடபைன் மாத்திரையால். அதற்கு மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டிவரலாம். இன்னொன்று: கடைசி ட்ரிப் முடிந்து இரண்டு மூன்று மாதம் வரை மரப்பு கூடிக்கொண்டே போவது இந்த மருந்தின் குணம். நோய் திரும்பிவிட்டதோ என்று அப்போது பதற வேண்டாம்.

மெடிக்கலில் கேட்டால் ‘நரம்புச் சத்து’ மாத்திரை தருகிறார்கள். கீமோவோடு போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், வள்ளியூர்

கேட்காமல் போடாதீர்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசிடைல் எல் கார்னிடின் என்று இருந்தால் வேண்டாம். பேக்ளிடாக்சல் வகை மருந்து எடுத்த பெண்களிடம் நடந்த ஆய்வில் இது மரப்பைக் குறைக்கவில்லை, கூட்டியது. பைரிடாக்சின் என்று இருந்தால் அது பி6. இந்த வைட்டமினே நாளுக்கு 100 மி.கி.க்கு மேல் நெடுநாள் போனால் நரம்பைக் கெடுக்கும். இரண்டு மூன்று சத்து மாத்திரையைச் சேர்த்துப் போடுகிறவர்கள் கூட்டிப் பாருங்கள். சில ‘நரம்பு’ மாத்திரைகளில் மெத்தில்கோபாலமினோடு (பி12) நரம்பு வலி மருந்தான பிரிகாபலினும் கலந்திருக்கும். மருத்துவர் எழுதிய பிரிகாபலினோடு இதுவும் சேர்ந்தால் அளவு இரட்டித்துத் தலைசுற்றி விழுவீர்கள். மல்டிபிள் மைலோமாவுக்கு (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று) போர்டெசோமிப் ஊசி போடுகிறவர்கள் கிரீன் டீயையும் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையையும் தவிர்க்க வேண்டும், மருந்தின் வேலையையே அவை கெடுக்கும்.

பி12 குறைவாக இருந்தால் மட்டும் அதை நிரப்புவது அவசியம். மெட்ஃபார்மின், பான்டோபிரசோல் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், இரைப்பை எடுக்கப்பட்டவர்கள், சைவம் மட்டும் உண்கிறவர்கள் கீமோ தொடங்குமுன் பி12, சர்க்கரையின் மூன்று மாத அளவு, தைராய்டு ஆகிய மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

கீமோ முடிந்து 4 மாதம். ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் திகுதிகுவென்று எரிகிறது. பிரிகாபலின் போட்டால் பகலெல்லாம் தள்ளாட்டம். வேறு மருந்து உண்டா?
– வாசகர், சங்கரன்கோவில்

உண்டு. எரிச்சல், வலி உள்ளவர்களுக்கு ஆய்வில் பலன் நிரூபிக்கப்பட்டது டுலோக்செட்டின். முதல் வாரம் 30 மி.கி., பிறகு 60 மி.கி. என்று 2013இல் வெளியான ஆய்வில் கொடுத்தார்கள், வலி குறைந்தது. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். 4, 5 வாரம் பார்த்துத்தான் பலனை முடிவுசெய்ய வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். ஈரல் நோய், கட்டுப்படாத கண் நீர் அழுத்தம் இருந்தால் கூடாது. டிரமடால் வலி மாத்திரையோடு சேர்க்கும் முன் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபன் சாப்பிடும் பெண்களுக்கு டுலோக்செட்டின் அதன் செயலைக் குறைக்கலாம் என்பதால் வேறு மருந்து யோசிப்பார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டுலோக்செட்டின் வலிக்குத்தான். வெறும் மரப்பு, உணர்ச்சியின்மைக்கு மாத்திரை எதுவும் உணர்ச்சியைத் திருப்பித் தராது. வலியில்லாத மரப்புக்கு மாதக்கணக்கில் பிரிகாபலின் போட்டுத் தூங்கி வழிவதில் பலனில்லை. நீங்களாக நிறுத்தாமல், குறைத்து நிறுத்துவது பற்றிக் கேளுங்கள்.

ஆச்சிக்கு நெறிக்கட்டிப் புற்று. வின்கிரிஸ்டின் ஊசி நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்றார்கள். எங்கள் கரிசலில் அதுதான் விளைகிறது. இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா? ஊசி போட்டு 5 நாளாக வயிறும் போகவில்லை.
– வாசகர், திருவேங்கடம்

கஷாயம் கூடவே கூடாது. அந்தச் செடியில் இருப்பது நஞ்சு. ஊசியில் ஒரு தடவைக்கு 2 மி.கி.யைத் தாண்டாமல் அளந்து கொடுக்கிறார்கள். இலையில் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் அளக்க முடியாது.

5 நாள் வயிறு போகாததை இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்து குடல் நரம்பையும் மந்தமாக்கும். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் காத்திருக்கக் கூடாது. அடுத்த ஊசியிலிருந்து முதல் நாளே மலமிளக்கி தொடங்க வேண்டும். பூஞ்சைக்கு இட்ராகொனசோல், வோரிகொனசோல் போன்ற மாத்திரை எழுதினால் ‘வின்கிரிஸ்டின் போகிறது’ என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் நரம்பு மிக மோசமாக அடிபடும். ஆச்சி நடக்கும்போது பாதம் தொங்கி விரல் தரையில் இழுபட்டால் அதையும் சொல்லுங்கள்.

மரத்த காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைக்கலாமா? பாளையங்கோட்டை சித்தா ஆஸ்பத்திரி மருந்தும் எடுக்கலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

ஊறவைப்பதும் தவிட்டு ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்துவிடும். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி மெதுவாகத் தேய்த்துவிடுவதில் தப்பில்லை. எண்ணெய்க் காலோடு நடக்காதீர்கள். சித்த மருத்துவம் எடுப்பதானால் கீமோ தேதிகளை அந்த மருத்துவரிடமும், மருந்துப் பெயர்களைப் புற்றுநோய் மருத்துவரிடமும் காட்டுங்கள். யாரென்று தெரியாதவர் தரும் பற்பம், செந்தூரம் வேண்டாம். அவற்றில் சேரும் பாதரசம், காரீயம், பாஷாணம் சரியாகச் சுத்தி செய்யப்படாவிட்டால் அவையே நரம்பைக் கெடுக்கும்.

அப்பாவுக்கு 68 வயது, கீமோ முடிந்துவிட்டது. பாதம் மரத்தே இருக்கிறது, பஞ்சில் நடப்பது போல் இருக்கிறது என்கிறார். நெல்லையப்பர் கோயிலுக்குத் தினமும் போகிறவர். இது எப்போது சரியாகும்? அதுவரை என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

நரம்பு வளர்ந்தால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். முழங்காலிலிருந்து விரல்வரை என்றாலே வருடத்துக்கு மேல் ஆகும். பேக்ளிடாக்சல் மரப்பு பெரும்பாலும் சில மாதங்களில் தேறத் தொடங்கும். சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் நரம்பின் தாய்ச் செல்லையே தாக்குவதால் சிலருக்கு ஒரு பங்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். சிஸ்பிளாட்டின் எடுத்தவர் என்றால் காதில் இரைச்சல், கேளாமை உண்டா என்றும் பரிசோதிக்க வேண்டும்.

கோயிலுக்குப் போகட்டும், ஆனால் வெயிலேறும் முன் காலையிலோ, தரை ஆறிய மாலையிலோ போகட்டும். மதியக் கல்தளம் பாதத்தைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. வெளிப் பிரகாரத்தில் தடித்த காலுறை போட அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். பின்பக்கம் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்டது) நல்லது. விரலிடுக்கில் மாட்டும் ரப்பர் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார். போடும் முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுங்கள், அடிப்பாகத்தைப் பாருங்கள். உடைமுள் அதைத் துளைத்து ஏறியிருக்கும், ராத்திரி ரத்தக்கறை பார்த்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். தினமும் படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் நீங்கள் பார்த்துவிடுங்கள். குளிக்கும் வெந்நீரை அவர் கையால் பார்க்க வேண்டாம், முழங்கையால் அல்லது வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். தாமிரபரணிப் படித்துறையில் பாசி உண்டு. தனியாக இறங்க வேண்டாம்.

பஞ்சில் நடப்பது போல் என்றால், தரை எங்கே என்று பாதம் மூளைக்குச் சொல்லவில்லை என்று பொருள். பகலில் கண் ஈடுகட்டும், இருட்டில் விழுவார். கக்கூசுக்குப் போகும் வழியில் இரவு விளக்கு போடுங்கள், நழுவும் மிதியடியை எடுத்துவிடுங்கள், குளியலறையில் கைப்பிடி வையுங்கள்.

பயிற்சி உதவும். இதைக் கீமோ நடக்கும்போதே தொடங்கியவர்களுக்குப் பாதிப்பு குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன, அதனால் மற்ற வாசகர்களும் கவனியுங்கள். சமையல் மேடையையோ கனமான கட்டிலையோ தொட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். முதலில் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து 30 விநாடி நிற்பது. அது எளிதானதும் ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி நிற்பது. அடுத்து ஒற்றைக் காலில். ஒவ்வொன்றும் 3 தடவை. பிறகு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 தடவை. நாற்காலியில் உட்கார்ந்து கால் விரலால் துண்டைச் சுருட்டி இழுப்பது 10 தடவை. வாரத்தில் 5 நாள் செய்து, அதோடு அரை மணி நடையும் நடந்தால் போதும். படி எளிதாகும்வரை அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாவிட்டால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இவ்வளவும் மெல்ல வரும் மரப்புக்கு. ஓரிரு நாளில் இரண்டு காலும் பலம் இழந்தால், முதுகில் புது வலியோடு நடை தடுமாறினால், சிறுநீர் அடைத்தால், மலம் தெரியாமல் போனால் அது கீமோ மரப்பு என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தண்டுவடத்தைக் கட்டி அழுத்தலாம். ராத்திரியானாலும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், ‘புற்றுநோய் நோயாளி, கால் திடீரென்று பலம் போய்விட்டது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு கை ஒரு கால் மட்டும் விழுந்தாலும், வாய் கோணினாலும் அப்படியே. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அதையும் அன்றைக்கே காட்டுங்கள்.